இரண்டு நீலத்தில் ஒரு மணல்வண்டி

தாவீதோடு துணிக்கடைக்குப் போவதென்றாலே மெர்சி நாளைக்கு என்று தள்ளிப்போடுவாள். சட்டையைக் கையில் வாங்கியதும் மனிதர் வாசலுக்குப் போய்விடுவார். வெயிலில் காலரையும் பாக்கெட்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். "இது வேற ரோல் துணி, அது வேற ரோல் துணி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கும்மிடிப்பூண்டி பஜாரில் மூன்று கடைக்காரர்கள் அவரைப் பார்த்தால் பையனை முன்னால் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கல்யாணத்தன்று தாலி கட்டி, கையெழுத்துப் போட்டு, கோயிலை விட்டு வெளியே வந்ததும் மாப்பிள்ளை பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தை: "ஜாக்கெட் அரை ஷேட் கம்மி."

வெள்ளைப் புடவை, வெள்ளை ஜாக்கெட். வெள்ளையில் என்ன அரை ஷேட் என்று மெர்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஜாக்கெட்டைத் தைத்தவளே அவள்தான். ராத்திரி மாற்றும்போது புடவையோடு வைத்துப் பார்த்தாள். அரை ஷேட் கம்மியாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட கண். அத்திப்பட்டில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் பெயின்டர் படிப்பு முடித்து, சிப்காட்டில் பஸ் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தவர். முதல் ஆறு வருடம் பெயின்ட் அடித்தார். அப்புறம் அவர் கண்ணைக் கண்டுகொண்டு சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் டியூப்லைட் எரியும் ஒரு கூண்டு. அதற்குள் ஒவ்வொரு தகடாக வரும். தூசு, கோடு, நிறக் குறை எதுவானாலும் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டம் விழுந்த தகடு திரும்பிப் போகும். பத்தொன்பது வருடம் அந்த வட்டத்துக்கு மறுபேச்சு கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் கம்பெனியில் வழக்கமான கண் பரிசோதனை. நீல வில்லைகளை இளசிலிருந்து அடர்த்திக்கு வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். தாவீது நான்கை இடம் மாற்றி வைத்தார். மறு வாரமே ஸ்டோர்ஸுக்கு மாற்றம்.

"வில்லை பழசு மெர்சி. வெளுத்துப் போயிகீது. வில்லைய மாத்த வக்கில்ல, ஆள மாத்துறானுங்க" என்றார்.

மெர்சி நம்பினாள். அந்த வீட்டில் அவர் கண்ணை நம்புவது மின்சாரத்தை நம்புவது மாதிரி. யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஸ்டோர்ஸில் ரேக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வந்த மனிதர் வீட்டில் எல்லாவற்றையும் சோதிக்க ஆரம்பித்தார். சுவரில் விரிசல், கதவில் தூசு, இட்லியில் குழி. மெர்சி வீட்டோடு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அவள் தையல் மெஷினுக்குப் பின்னால் வந்து நின்று தையலை எண்ண ஆரம்பித்ததும், இந்த மனுஷனுக்கு ஏதாவது ஒரு பெரிய பொருளைக் கொடுத்து வெளியே உட்கார வைத்தால் தேவலை என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டாள்.

மிக்ஜாம் புயல் வந்து அந்த வேண்டுதலை ஒரு மாதிரி நிறைவேற்றியது. தாவீதோடு ஐ.டி.ஐ.யில் படித்த ஷாஹுல் பழவேற்காட்டில் கருவாடு, இறால் மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய பழைய மாருதி கார் நான்கு நாள் தண்ணீரில் நின்றது.

"எடுத்துக்கினு போ தாவீது. சீட்ல காளான் மொளச்சிகீது. காரு வேணான்னா காளானையாவது வறுத்துத் துன்னு" என்றார் ஷாஹுல்.

ஷாஹுலுக்குக் கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு உண்டு. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் வெறும் மணல். டிராக்டர் போனால் அச்சுவரை புதையும். வெட்டாட்களுக்குக் குடிதண்ணீரும் நாற்றுக்கட்டும் தலைச்சுமையாகத்தான் போய்க்கொண்டிருந்தன. தாவீது தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். எங்கோ பாலைவனத்தில், கதவில்லாத ஒரு குட்டை வண்டி மணல்மேட்டில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது.

"இது மாதிரி ஒண்ணு பண்ணித் தர்றேன் பாய். தோப்புக்குத் தண்ணி இதுல போவும்."

"இதுக்குப் பேரு இன்னா?"

"டியூன் பக்கி."

எதிர்ச் சாரியில் இட்லிக்கடை வைத்திருக்கும் கெங்கம்மாள் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, "ஊர்ல கீற பக்கிங்க போதாதுன்னு ஊட்லயே ஒண்ணு செய்யிறாரா?" என்றாள்.

பதினான்கு மாதம் ஆயிற்று. வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டினார். விமல் என்று ஒரு வெல்டர், அதே தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து குழாய் வளைத்துக் கூடு கட்டினான். காரில் முன்னால் இருந்த இன்ஜினைக் கழுவிப் பிரித்துச் சேர்த்துப் பின்னால் உட்கார வைத்தார்கள். நடு பாடியை ஃபைபரில் வார்த்துக் கொடுத்தவர்கள் பழவேற்காட்டில் படகு செய்கிறவர்கள். அவர்கள் கைப்பழக்கம், பாடிக்கு லேசாகப் படகுக் களை வந்துவிட்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

தாவீது அந்த வண்டிக்குத் தன் பத்தொன்பது வருடத்தையும் கொட்டினார். எல்லா போல்ட்டின் தலையும் ஒரே திசை பார்க்க வேண்டும். வெல்டிங் மேட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, குழாய் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்த மாதிரி ஆக்கினார். அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கம் மாதிரியே மூன்று கோட்டு பெயின்ட்.

"அடியில எவன்ணா பாக்கப் போறான்?" என்றான் விமல்.

"நான் பாப்பேன்டா."

அவ்வளவு இழைத்துச் செய்ததை மூடி வைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாடி காய்ந்த மறு ஞாயிறே காலை ஆராதனை முடிந்ததும் வண்டியைக் குட்டி யானை லாரியில் ஏற்றிக்கொண்டு தோப்புக்குப் போனார். எட்டுத் தண்ணீர் கேன், நாற்றுக்கட்டு, பக்கத்தில் மெர்சி. மணலில் இறங்கிய வேகத்தில் அவளுக்குக் கொண்டை அவிழ்ந்தது. நாற்பத்தெட்டு வயதில் அப்படிக் கத்திச் சிரித்தோமே என்று வீட்டுக்கு வந்தபின் வெட்கமாக இருந்தது; அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றும் இருந்தது. மூன்றாவது வாரம் அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

சாயங்காலம் வண்டியைக் கழுவி, மணல் கீறிய இடங்களைத் தேடித் தேடி ஊசிப் பிரஷ்ஷால் தொட்டுவிடுவார்.

"பொண்ணுக்கு மேக்கப்பு போட்டு நாத்து நட அனுப்புற மாதிரி கீதுண்ணா" என்று விமல் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஓட்டாத வண்டிக்குப் பெயின்டு இன்னாத்துக்குடா? செவுத்துக்கு அடிச்சிட்டுப் போலாமே" என்றார் தாவீது.

குறை ஒன்றுதான். அதைக் கண்டவள் மெர்சி.

முன் மூக்குக்கும் நான்கு மட்கார்டுகளுக்கும் அடித்த நீலம் செங்குன்றத்தில் ஒரு பெயின்ட் கடையில் மெஷின் கலந்து கொடுத்தது. திருப்தியில்லாமல் மூன்று தடவை சுரண்டி மூன்று தடவை அடித்ததில் டப்பா காலி. நடு பாடிக்கு வேண்டிய பெயின்டைப் பொங்கல் லீவில் தாவீது தன் கையால் கலந்தார். "மெஷினு நம்பர பாத்துக் கலக்குது. நான் கலரப் பாத்துக் கலக்குறேன்" என்றார். தார்ப்பாய்க்குக் கீழே டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. தோப்பில் வெயிலில் நின்றபோதுதான் மெர்சி பார்த்தாள். மூக்கும் மட்கார்டும் நல்ல மயில்கழுத்து. பாடியில் நாவல்பழச் சாறு ஒரு சொட்டு விழுந்த மாதிரி ஊதா ஏறியிருந்தது.

தன் கண்தான் கூசுகிறது என்று முதலில் நினைத்தாள். அவர் கண்ணுக்குத் தப்பியது தன் கண்ணுக்கா தெரியப் போகிறது? ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் விமல் ஒரு செய்தி கொண்டு வந்தான். சென்னையில் ஒரு மைதானத்தில் கைவேலை வண்டிகளுக்குக் கண்காட்சி, மாதக் கடைசி ஞாயிறு. அவன் அனுப்பிய படங்களைப் பார்த்துத் தாவீதின் வண்டியைச் சேர்த்துக்கொண்டார்கள். வண்டியின் சிறப்பைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அதைப் பலகையில் அச்சிட்டு வண்டிக்கு முன்னால் நிறுத்துவார்களாம். தாவீது ஒரு நாள் முழுக்க யோசித்து எழுதினார்: "மெஷின் இல்லாமல் கண்ணாலேயே கலந்த நிறம். மூக்கு முதல் வால் வரை ஒரே நீலம்."

எழுதிய தாளை மெர்சியிடம் காட்டியபோது, ஸ்டோர்ஸுக்குப் போனதிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு நிமிர்வு இருந்தது. அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். திறந்த மைதானம். பட்டப்பகல். பெயின்டைக் கரைத்துக் குடித்தவர்கள் நூறு பேர் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் இந்தப் பலகை நிற்கும்.

மறுநாள் காலை கெங்கம்மாள் கடைக்குச் சட்னி வாங்கப் போனாள்.

"ஏம்மா மெர்சி, ஊட்டுக்காரரு ரெண்டு கலரா அடிச்சிகீறாரே, இப்ப அதான் ஃபேஷனா?"

மெர்சி தூக்கைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியுதாக்கா?"

"எனக்கு இன்னா கண்ணு பொட்டையா? தெருவுக்கே தெரியுது. அவரு செஞ்சா அதுல ஏதோ அர்த்தம் இருக்கும்னு வுட்டுட்டோம்."

விமலைப் பிடித்துக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "தெரியும்க்கா. அண்ணாகிட்ட யாரு சொல்றது? சொன்னா டார்ச்சு எடுத்துக்கினு வந்து என் வெல்டிங்க மறுபடியும் பாப்பாரு." ஷாஹுலுக்குப் போன் போட்டால் அவரும் அதையேதான் சொன்னார்: "நான் டிசைனுன்னு நெனச்சேன்மா. தாவீதுக்குத் தெரியாத கலரா?"

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாவீதுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் கண் மேல் வைத்த மரியாதையே அவரைக் கொண்டுபோய் மைதானத்தில் நிறுத்தப் போகிறது என்பது மெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் மென்று விழுங்கியதில் தனக்கும் பங்கு உண்டு. கெங்கம்மாள் வாயைத் திறந்ததற்கு மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

சொல்லிவிடலாம். ஆனால் வாயால் சொன்னால் வில்லை பழசு என்பது மாதிரி வெயில் அதிகம் என்பார். அவள் தையல் டப்பாவைத் திறந்தாள். புடவைக்கு நூல் பொருத்துவது அவள் தொழில். நீலத்தில் மட்டும் பதினேழு கண்டு இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் கம்பெனி ஒட்டிய நம்பர் உண்டு.

அந்த ஞாயிறு தோப்பில் தண்ணீர் கேன்களை இறக்கியபின், வண்டி வெயிலில் நிற்கும்போது அவரைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இந்த நூலு மட்கார்டுக்கு ஒத்துப் போவுதா, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "போவுது."

அதே நூலைப் பாடி மேல் வைத்தாள். "இதுக்கு?"

"போவுது. ஒரே கலருதான, போவாம?"

"எனக்குப் போவல." வேறொரு கண்டை எடுத்துப் பாடி மேல் வைத்தாள். "எனக்கு இதுதான் போவுது. ரெண்டையும் திருப்பி நம்பரப் பாருங்க."

அவர் திருப்பினார். ஒன்றில் 412. இன்னொன்றில் 437. இரண்டு கண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தள்ளிப் பிடித்து, கண்ணுக்கு நெருக்கிப் பிடித்துப் பார்த்தார். நம்பர் விஷயத்தில் அவரால் வாதம் பண்ண முடியாது. அந்தக் கூண்டிலேயே வாழ்ந்தவர்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பாடி அடிச்ச மறு ஞாயிறு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வண்டியில் ஏறிக் கிளப்பினார். சவுக்கு வரிசையைத் தாண்டி, கடல் பக்கம் சரிவில் இறங்கி, கண்ணுக்கு மறைந்துவிட்டார். இன்ஜின் சத்தம் மட்டும் தூரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெர்சி காலிக் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். சொன்னது தப்பா என்று ஒரு நினைப்பு. சொல்லாமல் இருந்ததுதான் தப்பு என்று இன்னொரு நினைப்பு.

அரைமணி கழித்து வந்தார். இடது மட்கார்டில் சவுக்குக் கட்டை கிழித்த ஒரு முழக் கோடு. அதை அவர் பார்க்கக்கூட இல்லை. இறங்கி வந்து அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"ஸ்டோர்ஸ்ல ரெண்டு தபா தப்பு டப்பா எடுத்துக் குடுத்துட்டேன் மெர்சி. இப்பல்லாம் லேபிள் படிச்சித்தான் எடுக்கிறேன். கலரப் பாத்து எடுக்கிறதில்ல."

"அப்ப உங்களுக்கே தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல மாட்டேன்." மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டார். "டாக்டருகிட்ட போனா, இனிமே அவ்ளோதான்னு சொல்லிட்டாருன்னா? போவாத வரைக்கும் வில்லை பழசுன்னு சொல்லிக்கினு இருக்கலாம்ல."

"நாளைக்குப் போறோம்" என்றாள் மெர்சி. கேள்வியாகக் கேட்கவில்லை.

கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும். வலது கண்ணில் நன்றாகப் பழுத்துப் போயிருந்தது. டாக்டர் அம்மா சின்ன வயசுக்காரர், லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டு மூணு வருஷமா உலகத்தைப் பாக்கறீங்க சார். நீலமும் ஊதாவும்தான் முதல்ல குழம்பும்" என்றார். பதினைந்து நிமிட ஆபரேஷன். அந்த வாரமே வலது கண், ஒரு மாதம் கழித்து இடது. இதற்குத்தானா மூன்று வருடம் பயந்தோம் என்பது போலத் தாவீது மெர்சியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அழுதால் அவருக்கு இன்னும் பயமாகிவிடும்.

கட்டுப் பிரித்த அன்று கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவர் நேராகத் தார்ப்பாய்ப் பக்கம் போனார். "வெளிய தள்ளுடா" என்றார் விமலிடம். வண்டி வெயிலுக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். அப்புறம் வலது கண்ணை. மறுபடியும் இடது. நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பொத்தினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"டேய் விமலு, இவ்ளோ ஊதாவாடா?"

"ஆமாண்ணா."

"இத வெச்சிக்கினு ஒரு மாசம் என் மூஞ்சியப் பாத்துப் பேசிகீறியே, நீ பெரிய ஆளுதான்டா."

"ரெண்டு நாள் டைம் குடுண்ணா. செங்குன்றம் கடையில நம்பர் கீது. பாடிய மாத்தி அடிச்சிர்லாம். கண்காட்சிக்கு ஜம்முனு போலாம்."

தாவீது வெகுநேரம் வண்டியைச் சுற்றி வந்தார். மெர்சி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை.

"வேணாம். பெயின்டு ஒழுங்கா ஒட்டிகீது, ஒரு தூசு இல்ல. கலரு மட்டும்தான் வேற. இத ரிஜெக்ட் பண்ண முடியாது" என்றார்.

உள்ளே போய் ஒரு மஞ்சள் அட்டை கொண்டு வந்தார். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டாம். குறை இருக்கிறது, ஆனால் பொருள் உழைக்கும் என்றால், குறையை மறைக்காமல் அட்டையில் எழுதிக் கட்டி அனுப்புவார்கள். ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அப்படி அனுப்பியது ஏழெட்டுத்தான் இருக்கும் என்றார். அட்டையில் எழுதினார்:

"குறை: பாடியும் மட்கார்டும் வேறு வேறு நீலம். காரணம்: கலந்தவருக்குக் கண்ணில் புரை. கண்டுபிடித்தவர்: மெர்சி. ஓட்டத்துக்குப் பாதகமில்லை."

கையெழுத்துப் போடும் இடத்தை அவளிடம் நீட்டினார். "நீதான் போடணும்."

"நான் இன்னா இன்ஸ்பெக்டரா?"

"வேற யாரு?"

மெர்சி போட்டாள். ஜாக்கெட் அளவு நோட்டைத் தவிர அவள் பேர் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணியது. விமல் கண்காட்சிக்காரர்களுக்குப் போன் செய்து பலகையில் இருந்த இரண்டு வரியை எடுக்கச் சொன்னான்.

மைதானத்தில் அந்த அட்டையைப் படிக்கவே ஆட்கள் நின்றார்கள். ரப்பர் பாய் மேல் நிறுத்தியிருந்த பளபள வண்டிகளுக்கு நடுவே, டயர் இடுக்கில் பழவேற்காட்டு மணலோடு நின்ற ஒரே வண்டி அதுதான். இடது மட்கார்டுக் கிழிசலையும் அவர் தொடவில்லை. நடுவர்களில் ஒருவர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். எழுந்திருக்கச் சற்று நேரம் ஆனது. "அடியில யாரு சார் இப்படி அடிப்பாங்க?" என்று கேட்டார். விமல் தாவீதைக் காட்டினான். பரிசு வேறு யாருக்கோ போயிற்று. அதைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் பேச்சு இருந்தது, அப்புறம் இல்லை.

ஒரு மாதம் தாவீது மணல் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. தோப்புக்குத் தண்ணீர் நிற்கவில்லை. விமலைக் கூட்டிக்கொண்டு மெர்சியே ஓட்டிப் போய் வந்தாள். வீட்டிலிருந்த தாவீது அவளுடைய நூல்கண்டுகளையெல்லாம் எடுத்து, நீலத்தை மட்டும் இளசிலிருந்து அடர்த்திக்கு வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சரி பார்த்தாள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. கெங்கம்மாள் கடைக்குப் போய், "பெரிய உபகாரம் பண்ணக்கா" என்று சொல்லிவிட்டு, போர்டில் சிவப்பு ஒரு பக்கம் வெளுத்திருப்பதையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். "கண்ணு வந்தாலும் வந்துச்சி, ஊர்ல ஒருத்தரும் நிம்மதியா கடை வெக்க முடியாது" என்று அவள் அங்கலாய்த்தாள்.

இடது கண் ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு, டாக்டர் அனுமதியோடு தாவீதும் தோப்புக்கு வந்தார். கேன்களை அடுக்கி முடித்த மெர்சி திரும்பிப் பார்த்தபோது, அவர் வெயிலில் நின்று வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இன்னாங்க பண்றீங்க?"

"இந்தக் கண்ணுக்கு இன்னும் ஒரே நீலமாத்தான் தெரியுது. அடுத்த வாரம் போயிரும். நான் கலந்தத ஒரு தபா பாத்துக்கிறேன்."

மெர்சி பக்கத்தில் வந்து நின்றாள். கேலி செய்ய வாய் வரவில்லை. "எப்டி கீது?"

"நல்லாத்தான் கலந்துகீறேன் மெர்சி." கையை எடுத்தார். கண்ணைச் சிமிட்டி இரண்டு நீலத்தையும் பார்த்தார். "சரி. ஏறு, வெட்டாளுங்க தண்ணிக்குப் பாத்துக்கினு இருப்பாங்க."

அவர் ஓட்டுகிற பக்கம் கால் வைத்தார். மெர்சி முந்திக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் போங்க. ரெண்டு கண்ணும் பாஸான பெறகு சீட்டு தர்றேன்."

தாவீது மறுபேச்சில்லாமல் சுற்றிப் போய், மிஞ்சின ஒரு கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெர்சி கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கியரைத் தள்ளினாள்.